நம்ம தோப்பில் ரைஃபிள் பயிற்சி நடத்தலாமா? ராஜபாளையம் அடிவாரத்தில் ஒரு டார்கெட் வைத்தால் என்னாகும்?

யூடியூபில் இந்த வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அமெரிக்காவில் யாரோ ஒருவரின் பண்ணை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. தரையில் படுத்துக்கொண்டு ஒருத்தர் ரைஃபிளை அழுத்துகிறார். ஒரு விநாடி அமைதி. அப்புறம் தூரத்தில் 'டிங்' என்று ஒரு இரும்புச் சத்தம். கேட்கவே ஒரு மாதிரி திருப்தியா இருக்கும், மறுக்கவில்லை.

இப்போ இதையே நம்ம ஊருக்குக் கொண்டு வருவோம். சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒருவருக்கு ராஜபாளையம் பக்கம், மலை அடிவாரத்தில், மாமாவுக்குச் சொந்தமான மாந்தோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாமாவிடம் லைசென்ஸ் துப்பாக்கியும் இருக்கிறது. பொங்கல் லீவில் ஊருக்குப் போனவர், "மாமா, நம்ம இடம், நம்ம துப்பாக்கி. மலையைப் பார்த்து ஒரு போர்டு நட்டு வச்சுச் சுட்டுப் பார்த்தா யாரு கேட்கப் போறா?" என்கிறார்.

கேட்க நிறைய பேர் இருக்கிறார்கள். சட்டம் கேட்கும், வனத்துறை கேட்கும். அதற்கு முன்னாடி, புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்ளணும்.

நார்த்தாமலையில் என்ன நடந்தது?

2021 டிசம்பர் 30. நார்த்தாமலையில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் தாத்தா வீட்டில் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கிருந்தோ வந்த தோட்டா அவன் தலையில் பாய்ந்தது. பக்கத்து அம்மாசத்திரம், பசுமலைப்பட்டி பகுதியில் உள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் அன்று மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர், அதாவது சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள், பயிற்சியில் இருந்தார்கள். தளத்துக்கும் அந்த வீட்டுக்கும் இடையே சுமார் ஒன்றரை முதல் 2 கிலோமீட்டர் தூரம்.

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போய் அறுவை சிகிச்சை செய்தார்கள். 2022 ஜனவரி 3 அன்று சிறுவன் இறந்தான். ஊர் மக்கள் மறியலில் இறங்கினார்கள், தளத்தை நிரந்தரமாக மூடச் சொன்னார்கள். தளம் மூடப்பட்டது. குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, அது ஏதோ தோப்பில் நடந்த விளையாட்டு இல்லை என்பதுதான். அரசு அனுமதித்த தளம், பயிற்சி பெற்ற படை, மேற்பார்வைக்கு அதிகாரிகள் என எல்லாம் இருந்தன. அத்தனையும் இருந்த இடத்திலிருந்தே ஒரு தோட்டா வெளியே போயிருக்கிறது.

ஒரு தோட்டா எவ்வளவு தூரம் போகும்?

'இந்தத் துப்பாக்கியின் ரேஞ்ச் 400 மீட்டர்' என்று படித்திருப்பீங்க. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இன்சாஸ் ரைஃபிளுக்குச் சொல்லப்படும் அந்த 400 மீட்டர், குறி வைத்து அடிக்கக்கூடிய தூரம் மட்டும்தான். 401ஆவது மீட்டரில் தோட்டா பொத்தென்று கீழே விழுந்துவிடாது. இன்சாஸில் போடும் 5.56 மி.மீ. தோட்டா, தடுக்க எதுவும் இல்லையென்றால் 3 கிலோமீட்டர் அளவுக்குப் பறக்கும். 7.62 மி.மீ. அதையும் தாண்டும். கிளப்களில் பசங்க பழகும் பாயிண்ட் 22 தோட்டா பார்க்க நிலக்கடலைப் பருப்பு சைஸ்தான் இருக்கும். அதுவே ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும்.

அவ்வளவு தூரம் போக, வானத்தைப் பார்த்துச் சுட வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

300 மீட்டர் தூரத்தில் டார்கெட், அதற்குப் பின்னால் 5 மீட்டர் உயரத்துக்கு மண்மேடு. ரெண்டு ஆள் உயரத்துக்கு மேலே. பார்க்கப் பெரிய மேடுதான். சுடுகிறவரின் துப்பாக்கி, வைத்த குறியிலிருந்து வெறும் 1 டிகிரி மேலே தூக்கிவிட்டது என்றால் 300 மீட்டரில் அந்த வித்தியாசம் 5.2 மீட்டர். புவியீர்ப்பு இழுக்கும் அளவைத்தான் ரைஃபிளின் குறி ஏற்கெனவே ஈடு கட்டியிருக்குமே. அதனால் அந்த 1 டிகிரி முழுசாக அப்படியே மேலே போய்ச் சேரும். மேட்டின் உச்சியை உரசிக்கொண்டோ தாண்டியோ தோட்டா போய்விடும்.

1 டிகிரி என்றால் எவ்வளவு? 1 மீட்டர் நீள ரைஃபிளின் முனை 1.75 சென்டிமீட்டர் மேலே போவது. ஒரு விரல் பருமன். தோளில் உதை வாங்கி, தும்மல் வந்து, அல்லது தயாராவதற்கு முன்னாடியே விரல் அழுத்தி, இந்த ஒரு விரல் அளவு நகராத ஆள் யார்? முதல் தடவை ரைஃபிள் பிடிக்கும் ஆளை விடுங்க, பழகினவர்களுக்கும் நடக்கும்.

அடுத்த பிரச்சனை தெறித்துப் போகும் தோட்டா. போலீஸ், ராணுவ வட்டாரத்தில் 'ரிக்கோஷே' என்பார்கள். குளத்தில் தட்டைக் கல்லைத் தாழ்வாக வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதே சமாச்சாரம். தண்ணீர், காய்ந்த கெட்டித் தரை, பாறை எதில் பட்டாலும், தாழ்ந்த கோணத்தில் பட்ட தோட்டா எகிறி எந்தப் பக்கமும் போகலாம். இதனால்தான் 'பின்னாடி மலை இருக்குல்ல, அது போதும்' என்பது அரைகுறை நம்பிக்கை. மண் தோட்டாவை விழுங்கும். பாறை திருப்பி அனுப்பும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் மண்ணும் பாறையும் எப்படிக் கலந்து கிடக்கிறது என்பது அந்தப் பக்கம் ஆடு மேய்க்கப் போகிற யாருக்கும் தெரியும்.

சரி, முறையான தளத்தில் எப்படி அமைப்பார்கள்?

டார்கெட் என்பது அங்கே கடைசி வேலை. முதலில் பார்ப்பது, டார்கெட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை. சுடும் இடத்திலிருந்து விசிறி மாதிரி ஒரு பரப்பை வரைபடத்தில் வரைவார்கள். தோட்டா அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகுமோ அதுதான் விசிறியின் நீளம். இடமும் வலமும் தவறிப் போவதற்குக் கொஞ்சம் கோணம். அந்தப் பரப்புக்குள் வீடு, ரோடு, வயல்வேலை எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால், தோட்டாவை நிறுத்தக்கூடிய மேடு, பக்கச் சுவர், மேலே தடுப்புப் பலகைகள் என்று கட்டி அந்த விசிறியைச் சுருக்க வேண்டும்.

நம்ம மாமா தோப்புக்கு இந்த விசிறியைப் போட்டுப் பார்த்தேன். நீளம் 3 கிலோமீட்டர், இருபுறமும் 10 டிகிரி என்று குறைவாகவே எடுத்துக்கொண்டாலும், பரப்பு சுமார் 390 ஏக்கர் வருகிறது. தோப்பு 5 ஏக்கர் என்றால், அது சதுரமாக இருக்கும்பட்சத்தில் ஒரு பக்கம் 142 மீட்டர்தான். 300 மீட்டர் டார்கெட்டே அதில் அடங்காது. மீதி 385 ஏக்கரும் அடுத்தவர் இடம். அல்லது காடு.

படைகளின் தளத்தில் டார்கெட் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஒட்டிய பேப்பர்தான். அதற்கு முன்னால் மண்ணை வெட்டி ஒரு பதுங்குகுழி இருக்கும். அதில் இருப்பவர்கள் சட்டத்தை ஏற்றி இறக்கி, ஓட்டைகளை எண்ணிச் சொல்லி, காகிதம் ஒட்டி மூடுவார்கள். சுடும்போது சிவப்புக் கொடி ஏறியிருக்கும். சுற்றிலும் காவல் நிற்கும். பக்கத்து ஊர்களுக்கு முன்கூட்டியே தகவல் போகணும். ராணுவம் தன் தளத்துக்கு வெளியே திறந்த வெளியில் சுடுவதற்கென்றே 1938ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மாநில அரசு அந்தப் பகுதியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், பயிருக்கோ சொத்துக்கோ சேதம் வந்தால் இழப்பீடு தர வேண்டும். ஜார்க்கண்டின் நேத்தர்ஹாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதிக்கு எதிராகப் பழங்குடி மக்கள் பல வருஷம் போராடினார்கள். 2022 ஆகஸ்டில் அந்த அறிவிப்பை நீட்டிக்க மாட்டோம் என்று மாநில அரசு சொன்னது. ராணுவத்துக்கே இவ்வளவு நிபந்தனை.

இப்போ அந்த 'டிங்' தகடு. வீடியோவில் தெரிவது சாதாரண இரும்பு இல்லை. கடினப்படுத்தப்பட்ட விசேஷ எஃகு. அதைத் தொங்கவிடும்போது கொஞ்சம் முன்னால் சாய்த்துத் தொங்கவிடுவார்கள். சிதறும் ஈயத் துணுக்குகள் தரையை நோக்கிப் போவதற்காக. ரைஃபிளுக்குக் குறைந்தது 100 கெஜம் தள்ளித்தான் வைப்பார்கள். பட்டறையில் கிடக்கிற சாதாரண இரும்புத் தகட்டை வெட்டி மாட்டினால், தோட்டா பட்ட இடத்தில் குழி விழும். அடுத்த தோட்டா அந்தக் குழியில் பட்டால் துணுக்குகள் சுட்டவரை நோக்கியே திரும்பி வரலாம். வீடியோவில் இந்தப் பகுதியை யாரும் காட்டுவதில்லை, அல்லது நாம் ஸ்கிப் பண்ணிவிடுகிறோம்.

காற்று வேற இருக்கு. தூரம் கூடக் கூடப் பக்கக் காற்று தோட்டாவைத் தள்ளும். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்றைப் பற்றி ராஜபாளையம், தென்காசிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

'என் இடம், என் துப்பாக்கி' என்ற வாதம் இந்தியாவில் நிற்காது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பதே லைசென்ஸ் தரும் சலுகை. எதற்காகத் தரப்பட்டது என்பதும் லைசென்ஸில் இருக்கும். தற்காப்பா, பயிர்ப் பாதுகாப்பா, விளையாட்டா என்று. மாவட்டங்களில் லைசென்ஸ் தருவது கலெக்டர், மாநகரங்களில் போலீஸ் கமிஷனர்.

சட்டத்தின் 13ஆவது பிரிவைப் படித்தால் விஷயம் தெளிவாகிவிடும். பயிர்ப் பாதுகாப்பு என்று அது சொல்வது, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கியை. 'டார்கெட் பயிற்சி' என்ற சொல் வருவது வேறோர் இடத்தில். மத்திய அரசு லைசென்ஸ் அல்லது அங்கீகாரம் கொடுத்த ரைஃபிள் கிளப் அல்லது சங்கத்தின் உறுப்பினர் பயிற்சிக்காகத் துப்பாக்கி கேட்டால் என்று வருகிறது. அதாவது பயிற்சி என்றாலே கிளப், உறுப்பினர், தளம் என்ற சங்கிலியைத்தான் சட்டம் மனதில் வைத்திருக்கிறது. தனியார் நிலத்தில் தளம் அமைக்கவே முடியாதா என்றால், முடியும். ஆனால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். மாமாவின் தற்காப்பு லைசென்ஸ் அந்த அனுமதி ஆகாது.

மாமா லைசென்ஸை வைத்து மருமகன் சுடலாமா? லைசென்ஸ் ஆளுக்குத் தரப்படுவது, குடும்பத்துக்கு இல்லை. நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை, அபராதம் எனத் தண்டனை உண்டு. லைசென்ஸும் போகும்.

2019இல் வந்த திருத்தம் இன்னும் இறுக்கியது. ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது 2 ஆனது. கல்யாணம், திருவிழா, ஊர்வலம் போன்ற இடங்களில் கொண்டாட்டத்துக்குச் சுட்டு, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 வருஷம் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது ரெண்டும். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம். தவறிப்போன தோட்டாவால் யாராவது இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, அதாவது அலட்சியத்தால் மரணம். 5 வருஷம் வரை.

இன்னொன்று, தேர்தல் தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஊர்க்காரர்களுக்கு இது பழக்கம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்ன ஸ்பெஷல்?

இங்கேதான் நிறைய பேருக்குத் தெரியாத பகுதி வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் 1988இல் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அதுவும் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது. இந்தியாவின் 51ஆவது, தமிழ்நாட்டின் 5ஆவது. பரப்பு 1,016 சதுர கி.மீ.க்கு மேல்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு இதை நேரடியாகத் தொடுகிறது. சரணாலயத்தைச் சுற்றி 10 கி.மீ.க்குள் குடியிருக்கும் லைசென்ஸ்தாரர்கள் தங்கள் பெயரைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும். அந்த 10 கி.மீ.க்குள் புதிய ஆயுத லைசென்ஸ் தருவதாக இருந்தால், அவருடைய முன் ஒப்புதல் வேண்டும். செண்பகத்தோப்பு பக்கமோ, ராஜபாளையம் அய்யனார் கோயில் போகும் பாதையிலோ இருக்கிற தோப்புகளை நினைத்துப் பாருங்க. எல்லாம் இந்த வட்டத்துக்குள்தான். அனுமதி இல்லாமல் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் கால் வைப்பதே குற்றம். அப்போது தோப்புக்குள் நின்றுகொண்டு மலையைப் பார்த்துச் சுட்டு, தோட்டா மட்டும் காட்டுக்குள் போனால்? வனத்துறை அதை டார்கெட் பயிற்சியாகப் பார்க்குமா, வேட்டை முயற்சியாகப் பார்க்குமா? நீங்கதான் பேசிப் புரியவைக்கணும், அதுவும் அநேகமாகக் கோர்ட்டில்.

திசையை மாற்றலாமே என்றால், மேற்கே காடு, யானை, சாம்பல் நிற அணில், அய்யனார் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள். கிழக்கே ஊர், திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை, விருதுநகர்–தென்காசி ரயில் பாதை. தெற்கும் வடக்கும் அடுத்தவர் தோப்பு. தேங்காய் வெட்டவும் மாங்காய் பறிக்கவும் ஆள் எப்போது எந்த மரத்தில் இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

விருதுநகர் மாவட்டத்துக்கே உள்ள ஒரு வசதிக்குறைவையும் சொல்லிவிடலாம். மற்ற ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் ஜனம் வெளியே வந்து பார்க்கும். சிவகாசி பக்கத்தில் இருக்கும்போது 'எவனோ சரவெடி டெஸ்ட் பண்றான்' என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். எச்சரிக்கை என்ற ஒன்றே இல்லாமல் போகிறது.

காட்டுப்பன்றிக்கு என்ன செய்வது?

இதைத் தவிர்த்துவிட்டுப் பேசினால் நியாயமில்லை. அடிவார விவசாயிகள் துப்பாக்கியைப் பற்றி யோசிப்பது பெரும்பாலும் பொழுதுபோக்குக்காக இல்லை. மக்காச்சோளம், நிலக்கடலை, தென்னங்கன்று என்று ஒரு ராத்திரியில் பன்றிக்கூட்டம் நாசம் பண்ணிவிட்டுப் போகும். நகரத்தில் உட்கார்ந்து 'வன உயிர்' என்று சொல்வது ரொம்ப சுலபம்.

2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டப்பேரவையில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தார். காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை வனத்துறை பிடித்துக் காட்டில் விடும். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறைப் பணியாளர்கள் மட்டும். ஆக, பாதிப்பு அதிகம் இருக்கும் அடிவாரத் தோப்புக்கு அந்த மூன்றாவது வழி கிடையாது. விவசாயிக்குக் கிடைப்பது இழப்பீட்டுக்கான விண்ணப்பமும் வேலியும்தான். இந்த ஏற்பாடு போதாது என்பது என் கருத்து. அதற்காக, குறி பழக வீட்டுப் பின்னாடி போர்டு நடுவதும், பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயும் பதில் ஆகாது. அவுட்டுக்காய் யானை வாயில் வெடிப்பதை நாம் செய்திகளில் பார்த்துவிட்டோம்.

அப்போ ஆசைப்பட்டவங்க எங்கே போறது?

சுடுவது ஒரு அருமையான விளையாட்டு, அதில் சந்தேகமே இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வரை போயிருக்கிறார். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் ஆடினார். மதுரை, கோவை, சென்னையில் ரைஃபிள் கிளப்கள் இருக்கின்றன. ராஜபாளையத்துக்காரர்களுக்கு மதுரைதான் கிட்ட. கிளப்பில் சேர்ந்தால் துப்பாக்கியைச் சொந்தமாக வாங்காமலே பயிற்சியாளரின் பார்வையில் பழகலாம். லைசென்ஸ் கேட்க 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்றாலும், விளையாட்டுப் பயிற்சிக்கு அதற்கு முன்பே வழி உண்டு.

300 மீட்டர் பிரிவு உலக அளவில் இருக்கிறது. அதன் டார்கெட் 1 மீட்டர் அகலம், நடுவில் உள்ள பத்து மதிப்பெண் வட்டம் 10 சென்டிமீட்டர். ஆனால் நம்ம நாட்டில் அதை ஆடும் வாய்ப்பு பெரும்பாலும் ராணுவக்காரர்களுக்குத்தான். மற்றவர்கள் 10 மீட்டர், 50 மீட்டரோடு நிற்கிறோம். இதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதை 60 தடவை தொடர்ந்து தொட முயற்சி செய்து பாருங்க, 300 மீட்டர் மறந்தே போகும்.

வீட்டிலேயே பழக நினைத்தால், பாயிண்ட் 177 அளவில், 20 ஜூலுக்குள் சக்தி உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 33 அடி நீளமுள்ள ஒரு அறை அல்லது மூடிய வராந்தா போதும். டார்கெட்டுக்குப் பின்னால் மணல் அல்லது பழைய துணி அடைத்த கனமான பெட்டி, அதற்குப் பின்னால் ஜன்னலோ கதவோ இல்லாத சுவர். கண்ணாடி போட்டுக்கணும். குண்டுகள் ஈயம் என்பதால் முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவணும். மொட்டை மாடி வேண்டாம். அந்தச் சின்னக் குண்டும் ஒரு தெருவைத் தாண்டும், கண்ணைப் பறிக்கும். அணில், மயில், புறா என்று எதையும் குறி பார்க்கவும் வேண்டாம். மயிலைக் கொன்றால் ஜாமீன் கிடைப்பதே கஷ்டம்.

உங்க தோப்பிலோ கூரையிலோ தோட்டா கிடந்தால்?

எடுக்காதீங்க, துடைக்காதீங்க. எந்தக் கோணத்தில் எங்கே பட்டிருக்கிறது என்பது தெரிந்தால்தான் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியும். இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, 100 அல்லது 112க்கு அழைக்கலாம். தொடர்ந்து சத்தம் கேட்கும் இடம் என்றால், எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்தத் திசை என்று ரெண்டு வாரம் எழுதி வையுங்க. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் அந்தக் குறிப்போடு மனு கொடுக்கலாம். காடு பக்கம் என்றால் வனச்சரக அலுவலகத்திலும் ஒரு காப்பி கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்க.